கும்மந்தான் கான் சாகிபு



இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வாழ்கின்ற தாங்கள், பழைய ஜெயில் ரோட்டின் ஓரத்தில் பருத்து நிற்கும் மதிலைப் பன்முறை கண்டிருப்பீர்கள். அதன் மேல் பூங்கா அமைந்தமையால் மாடிப் பூங்கா என்று அதனைச் சொல்வர். ஹைதர் அலியின் குதிரைப்படை 1767ஆம் ஆண்டில் சென்னையின் புறப்பகுதிகள் வரை வந்து மீண்ட பின்னர், அஞ்சிப்போன ஆங்கிலேயர் நகரின் வடக்கிலும் மேற்கிலும் எழுப்பிய பெருமதிலின் எச்சம் அது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், வடபுறத்தில் அத்தகைய பலமான காப்பு எதுவும் இருக்கவில்லை. அக்காலத்தில் இந்நகரம் பெருஞ்சோதனை ஒன்றுக்கு ஆளாயிற்று. அச்சோதனையிலிருந்து அதனை மீட்டவர்களுள் ஒருவர் ஒரு தமிழ் முஸ்லிம். அவர் பெயர் முஹம்மது யூசுப் கான். கமாண்டன்ட் என்ற ஆங்கிலப் பதவிப் பெயரைக் கும்மந்தான் என்று திரித்துக்கொண்ட நம் மக்கள், அவரைக் கும்மந்தான் கான் சாகிபு என்றே அழைத்து வந்தனர்.

தங்கள் இல்லத்துப் பிள்ளைகள் அவரை மருதநாயகம் என்ற பெயரால் அறிந்திருக்கக்கூடும். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் 1725ஆம் ஆண்டளவில் வேளாளர் குடியில் பிறந்தவர் என்றும், மருதநாயகம் பிள்ளை என்பதே பெற்றோர் இட்ட பெயர் என்றும், இளமையிலேயே இல்லம் துறந்து இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. யாருடைய கரம் பற்றிக் கலிமா மொழிந்தார், எந்த ஊரில் மொழிந்தார் என்பதைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றைக் கதைகளாகவே விட்டுவிடுவோம். வரலாற்றின் வெளிச்சம் அவர்மீது விழுவது 1752ஆம் ஆண்டில்தான். அப்போது அவர் ஒரு போர்வீரர். தாமே திரட்டிய ஆட்களுடன் இராபர்ட் கிளைவின் படையில் வந்து சேர்கிறார். காவேரிப்பாக்கம் போர் நடைபெறவிருந்த வேளை அது.

அன்றைய கருநாடகத்தின் நிலையை ஓரளவு நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும், முஹம்மது அலி வாலாஜாவுக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். போரிட்டவர்கள் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். பயன் அடைந்தவர்களோ கடல் கடந்து வந்த இரு வணிகக் கம்பெனிகள். இவ்வுண்மையை மறவாதிருந்தால்தான் கான் சாகிபின் வாழ்வு நமக்கு விளங்கும்.

திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றி 1752 முதல் 1754 வரை நடந்த நெடும்போரில், ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படைக்கு உயிர்நாடியாக இருந்தது தொண்டைமான் நாட்டிலிருந்து வந்த நெல்லும் கால்நடையும் ஆகும். காட்டுப் பாதைகளில், இரவு வேளைகளில், மைசூர்ப் படையின் குதிரைகளுக்குக் கண்மறைத்து அவற்றைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு யூசுப் கானிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தவறாமல் கொண்டு சேர்த்தார். போர்க்களத்தில் வாளை வீசுவோரின் பெயர் பாட்டில் வரும்; படைக்குச் சோறு கொண்டு வருவோரின் பெயர் வருவதில்லை. ஆயினும் லாரன்ஸ் இவரை மறக்கவில்லை.

இக்காலத்தில்தான் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. அதனைத் தாங்கள் நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். லாரன்ஸிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவர், யூசுப் கான் மைசூராருடன் கூடிச் சதி செய்து கோட்டையைக் காட்டிக் கொடுக்க இருப்பதாகக் குற்றம் சுமத்தினார். அதற்குச் சான்றாக ஒரு கடிதமும் வெளிப்பட்டது. போர்க்காலம், முற்றுகை, அந்நியர்களின் படை. ஒரு சுதேசிச் சிப்பாயின் கழுத்தை அன்றே வெட்டியிருந்தாலும் கேட்பார் இல்லை. ஆனால் விசாரணை நடந்தது. இரு தரப்பும் கேட்கப்பட்டது. கடிதம் பொய்யாகப் புனையப்பட்டது என்பதும், அதனைப் புனைந்தவர் பொன்னியப்பனே என்பதும் தெளிவாயின. அவர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். யூசுப் கான் மாசற்றவராக வெளிவந்தார்.

அந்த 1754ஆம் ஆண்டிலேயே கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் கமாண்டன்ட் ஆக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, லாரன்ஸின் பரிந்துரையின் பேரில், கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

இனி, 1758 டிசம்பர் மாதத்துச் சென்னைக்கு வருவோம்.

பிரெஞ்சுத் தளபதி லாலி, புதுச்சேரியிலிருந்து பெரும்படையுடன் புறப்பட்டு வந்து, டிசம்பர் 14ஆம் நாள் கருப்பர் நகரத்தைக் கைப்பற்றினார். இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் வழங்கும் முத்தியாலுப்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பகுதிகளே அவை. வணிகர் வீடுகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. கிடங்குகளில் கண்ட மதுவைக் குடித்துப் பிரெஞ்சு வீரர் பலர் தெருக்களில் நிலை தடுமாறினர். கோட்டைக்குள்ளிருந்து கர்னல் டிரேப்பர் ஒரு படையுடன் வெளிப்பட்டுத் தெருச்சண்டை நிகழ்த்தினார். இரு தரப்பிலும் பெருஞ்சேதம் நேர்ந்தது. பிரெஞ்சுப் படையின் பிரபுவான டெஸ்டாங் சிறைப்பட்டார். ஆனால் நகரம் மீளவில்லை. பிரெஞ்சுக்காரர் கோட்டைக்கு வடக்கே கடலோரமாகப் பீரங்கி மேடைகள் அமைத்து, புனித ஜார்ஜ் கோட்டையை இடைவிடாது தாக்கினர். கவர்னர் பிகட்டும் லாரன்ஸும் உள்ளே அடைபட்டுக் கிடந்தனர். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்த நவாப் முஹம்மது அலி, குடும்பத்துடன் கப்பலேறித் தெற்கே நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார்.

நவாப் கடலில் சென்றுகொண்டிருந்த நாட்களில் யூசுப் கான் தரை வழியே வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். தென்னாட்டிலிருந்து அவர் திரட்டி வந்த சிப்பாய்கள், செங்கல்பட்டில் இருந்த காப்டன் அக்கிலிஸ் பிரஸ்டனின் சிறு படையுடன் சேர்ந்தனர். பிரஸ்டன் என்ற இப்பெயரையும் நினைவில் கொள்க. பின்னர் அவரை வேறொரு களத்தில் நாம் காண்போம். இவ்விருவரும் லாலியை நேருக்கு நேர் எதிர்க்கவில்லை. புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகளை மறித்தனர். தானியம் திரட்டச் சென்றவர்களைத் தாக்கினர். ஓரிடத்தில் விரட்டினால் மற்றோரிடத்தில் தோன்றினர். விரட்ட விரட்ட வந்து மொய்க்கும் ஈக்களுக்கு லாலி இவர்களை ஒப்பிட்டு வருந்தினார் என்று சொல்வர். 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையடியில் கலியோடு என்ற ஆங்கில அதிகாரியின் தலைமையில் பகல் முழுதும் சண்டை நடந்தது. பிரெஞ்சுக்காரர் பின்வாங்கினர்.

ஒரு வாரம் கழிந்து, பிப்ரவரி 16ஆம் நாள் மாலையில், கடலில் ஆங்கிலக் கப்பல்களின் பாய்கள் தென்பட்டன. மறுநாள் விடிவதற்குள் லாலி முற்றுகையைக் கைவிட்டார். இரண்டு மாதங்களுக்கு மேல் குண்டுகளைத் தாங்கிய கோட்டை பிழைத்தது. கப்பல்களே காத்தன என்று எழுதுவோர் உண்டு. ஆனால் கப்பல் வரும் வரையில் லாலியின் படை வயிறார உண்டும் வெடிமருந்து குறையாமலும் இருந்திருந்தால், காப்பதற்குக் கோட்டை எஞ்சியிருக்குமா என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். அந்த லாலியின் கதி இன்னும் கொடியது. தோல்விக்குப் பழி சுமத்தப்பட்டு 1766இல் பாரிசில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அரசுகளுக்காக உழைத்தோர்க்கு அக்கால அரசுகள் அளித்த கூலி அது.

சென்னை காப்பாற்றப்பட்ட அதே ஆண்டில், கம்பெனி யூசுப் கானை மீண்டும் மதுரைக்கு அனுப்பிற்று. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் குத்தகைக்கு அவர் ஏற்றார். நாட்டின் நிலை பரிதாபமாக இருந்தது. பாளையக்காரர் வரி செலுத்த மறுத்தனர். வழிப்பறி மலிந்தது. முன்னாளில், 1755ஆம் ஆண்டில், கர்னல் ஹெரானின் படையுடன் அவர் இதே நாட்டுக்கு வந்திருந்தார். அப்போது ஹெரானின் படையினர் கோவில்குடி ஆலயத்து விக்கிரகங்களைக் கவர்ந்து சென்றதும், அதனால் வெகுண்டெழுந்த கள்ளர்கள் நத்தம் கணவாயில் அப்படையை வளைத்துத் தாக்கியதும் அவர் கண்கூடாகக் கண்டவை. மக்கள் புனிதம் என்று போற்றுவதில் கை வைத்தால் ஆட்சி நிலைக்காது என்பதை அக்கணவாய் அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். மீனாட்சி அம்மன் ஆலயத்துக்குரிய வருமானத்தை முந்தைய அதிகாரிகள் கைப்பற்றியிருந்தனர். கான் சாகிபு அதனைச் சீர்செய்து ஆலயச் செலவுக்குப் பணம் ஒதுக்கினார். ஏரிகள் செப்பனிடப்பட்டன. கோட்டைகள் பழுது பார்க்கப்பட்டன. டச்சுக்காரர் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி ஆழ்வார்திருநகரியைப் பிடித்தபோது, அவர்களை விரட்டிக் கடற்கரைக்கே திருப்பியவரும் இவரே.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபுறத்தை மறைப்பது நேர்மை ஆகாது. நமக்கு எதிராகவே இருப்பினும் சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது திருமறையின் போதனை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் அந்நியருக்கு வரி செலுத்த மறுத்து நின்றவர். அவருடைய வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1759இல் தாக்கித் தோற்ற கான் சாகிபு, விடாது முயன்று 1761இல் அக்கோட்டைகளை வீழ்த்தினார். அந்த வெற்றியின் பயன் கம்பெனியையே சென்றடைந்தது. பணிய மறுத்தோரைத் தூக்கிலிடுவதில் அவர் தயக்கம் காட்டியவரும் அல்லர். தென்னாட்டு மக்கள் அவரை நேசிக்கவும் செய்தனர், அஞ்சவும் செய்தனர். நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்ட கான்சாகிபு சண்டை என்ற நாட்டுப்பாடல், அவரைப் பற்றிய மக்கள் நினைவு எத்துணை ஆழமானது என்பதற்குச் சான்று.

மதுரையில் ஒழுங்கு ஏற்பட ஏற்பட, சென்னையில் அமைதி குலைந்தது. நவாப் முஹம்மது அலிக்கு இவருடைய வளர்ச்சி பொறுக்கவில்லை. நாடு தம்முடையது, ஆகவே யூசுப் கான் தமக்குப் பணிந்து, தம்மிடமே குத்தகைப் பணம் செலுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். கம்பெனியும் அதற்கு இசைந்தது. அதாவது, ஆங்கிலேயரால் நியமிக்கப்பட்டு, ஆங்கிலேயருக்காகப் போரிட்டு, அவர்களிடம் பதக்கம் பெற்ற ஒருவர், ஒரு நாள் காலையில் நவாபின் ஊழியராக மாற்றப்பட்டார். ஆண்டுக்கு ஏழு லட்சம் வீதம் இன்னும் நான்காண்டுகளுக்குத் தாமே குத்தகை எடுக்க முன்வந்தார். அது ஏற்கப்படவில்லை. சென்னைக்கு வருமாறு ஆணை சென்றது. அவர் வரவில்லை. வந்தால் திரும்பமாட்டோம் என்று அஞ்சினார். பின்னர் நிகழ்ந்தவற்றைக் காணும்போது அந்த அச்சம் வீண் என்று யார் சொல்லத் துணிவார்?

1763இல் அவர் வெளிப்படையாக எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. மார்ச்சந்த் என்ற பிரெஞ்சு அதிகாரி சில வீரர்களுடன் அவரிடம் வந்து சேர்ந்திருந்தார். எந்தப் பிரெஞ்சுக்காரரைப் பரங்கிமலையில் எதிர்த்தாரோ அவர்களுடைய கொடியின் கீழ் அவர் நின்றது விந்தையே. தோற்றுப்போன ஒரு வல்லரசின் கொடியால் தமக்குப் பாதுகாப்பு கிட்டும் என்று அவர் நம்பியது பெரும் பிழை. புதுச்சேரி 1761லேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. பாரிசில் சமாதான உடன்படிக்கையும் ஆகிவிட்டது. உதவிக்கு வரப் பிரெஞ்சுப் படை எதுவும் இல்லை.

முதல் முற்றுகை அவ்வாண்டே நடந்தது. மழைக்காலம் வந்தது, ஆங்கிலேயர் நவம்பரில் பின்வாங்கினர். மறு ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் பெரும்படை வந்தது. 1764 ஜூன் 26ஆம் நாள் மதிலில் பிளவு கண்டு ஏறிப் பாய்ந்தனர். கான் சாகிபு தாமே முன்னின்று எதிர்த்தார். தாக்கியவர்கள் பலத்த சேதத்துடன் திரும்பினர். அந்தத் தாக்குதலில் படுகாயமுற்று உயிர் நீத்தவர்களுள் ஒருவர் பிரஸ்டன். ஆம் நேயர்களே, சென்னையைக் காப்பதற்காகச் செங்கல்பட்டிலிருந்து கான் சாகிபுடன் தோளோடு தோள் நின்று போரிட்ட அதே பிரஸ்டன்தான். அவ்வேளை சென்னையில் கம்பெனிப் படைக்குத் தலைவராக இருந்தவரோ, பதக்கத்துக்குப் பரிந்துரைத்த லாரன்ஸ்.

ஏறிப் பிடிக்க இயலாத கோட்டையைப் பட்டினியால் பிடிக்க முடிவு செய்தனர். தானியம் தீர்ந்தது. உள்ளிருந்தோர் குதிரைகளையும் அறுத்துண்ணும் நிலை வந்தது. பசி மனிதர்களின் உறுதியைக் குலைத்தது. அக்டோபர் 13ஆம் நாள், அவருடைய திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிபு, பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்த் ஆகியோர் கூடி அவரைப் பிடித்தனர். அவர் தொழுகையில் இருந்த நேரம் அது என்றும், அவருடைய தலைப்பாகைத் துணியைக் கொண்டே கைகளைக் கட்டினர் என்றும் சொல்லப்படுகிறது. காட்டிக் கொடுத்தோரின் பெயர்களைப் பாருங்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர். அவரைக் கொல்ல ஆணையிட்டவர் முஸ்லிம். அந்நாளைய துரோகத்தை ஏதேனும் ஒரு சமுதாயத்தின் தலைமேல் சுமத்திப் பேசுவோர் இப்பட்டியலை ஒரு முறை படித்துவிட்டுப் பேசுதல் நலம்.

14ஆம் நாள் அவர் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். 15ஆம் நாள் நவாபின் ஆணைப்படி, மதுரைக்கு வெளியே இருந்த பாசறையில் தூக்கிலிடப்பட்டார். இரு நாட்களுக்கிடையே எந்த நீதிமன்றமும் கூடவில்லை. எந்தச் சாட்சியும் கேட்கப்படவில்லை. அவர் தரப்பில் சொல்ல என்ன இருந்தது என்று வினவுவார் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் திருச்சிப் பாசறையில், அவர் வெறும் சிப்பாய்த் தலைவராக இருந்த காலத்தில் கிடைத்த விசாரணை, ஒரு நாட்டையே நிர்வகித்த பின்னர் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் குற்றவாளியா அல்லவா என்பது இங்கே கேள்வி அன்று. கிளர்ச்சி செய்தார் என்பது உண்மை. ஆயினும் இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பது காஜிக்குரிய ஒழுக்கங்களில் முதன்மையானது. மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதும் சிறுவனும் அறிந்தது. முற்றுகைக் காலத்தில் ஆங்கிலத் தளபதி ஒருவர் கடைப்பிடித்த நெறியை, ஆலிம்களைப் போற்றிய ஒரு நவாப் கைவிட்டார்.

போற்றினார் என்பது வெறும் உபசார வார்த்தை அன்று. லக்னோவின் ஃபிரங்கி மஹல் வழிவந்த பெருமேதை பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தவர் இந்த வாலாஜாவே. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் அவர் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கொடைகளை நாம் மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. அக்கொடைகளுக்காக இக்கொலையை மறைக்கவும் கூடாது. தம் தளபதியை ஒழித்ததால் அவர் அடைந்தது என்ன? கம்பெனியாரிடமும் அதன் ஊழியரிடமும் கடன் மேல் கடன் வாங்கினார். தொடக்கத்தில் சொன்ன வடசென்னை மதிலைக் கட்டக் குத்தகை எடுத்த பால் பென்பீல்டு, அந்நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களில் தலையாயவர். வட்டி வளர்ந்தது, நாடு அடகு போயிற்று. வாலாஜா 1795இல் மறைந்தார். ஆறே ஆண்டுகளில், 1801இல், கருநாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. தென்னாட்டில் வரி தண்டவும் படை திரட்டவும் வல்ல ஒரு தளபதி உடன் இருந்திருந்தால் அக்கணக்கு வேறாகியிருக்குமோ என்னவோ, அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

தூக்குக் கயிறு இருமுறை அறுந்தது என்றும், மூன்றாம் முறையே உயிர் பிரிந்தது என்றும் தென்னாட்டில் கதை வழங்குகிறது. தாயத்து, மந்திரம் என்றெல்லாம் அதற்குக் காரணம் கற்பிப்பர். ஈமான் உடையோர் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு செய்தி உண்டு. அவர் மீண்டும் எழுந்து வருவாரோ என்ற பீதியினால் உடலைத் துண்டித்து, தலையைத் திருச்சிக்கும், கைகால்களைத் தஞ்சை, பாளையங்கோட்டை, திருவாங்கூர் ஆகிய இடங்களுக்கும் அனுப்பினர் என்பது அது. போரில் மாண்ட பகைவனின் உடலையும் சிதைக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். வெட்டி அனுப்பியவர்களுக்கு அத்தடை தெரியாததன்று.

எஞ்சிய உடல் மதுரையின் சம்மட்டிபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மதுரை நகரின் கான்சாமேட்டுத் தெருவும், விருதுநகர் மாவட்டத்துக் கான்சாபுரமும் அவர் பெயரை இன்றும் உச்சரித்துக்கொண்டிருக்கின்றன. சென்னையில் அவருக்கென ஒரு தெருவும் இருப்பதாக நான் அறியேன். மதுரை செல்லும் வாய்ப்பு நேருமாயின், தேனி செல்லும் சாலையில் காளவாசலைத் தாண்டிச் சம்மட்டிபுரத்தை விசாரியுங்கள். அவருடைய கப்ரின் மீது 1808ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சதுரமான சிறு பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. கான் சாகிபு பள்ளிவாசல் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.